அத்தை செபித்த பதினொரு ஆட்டக்காரர்கள்

நம் வயதுக்காரர்கள் நாலு பேர் ஒன்றாக உட்கார்ந்தால், சின்ன வயதில் யார் எதைச் சேர்த்தோம் என்ற பேச்சு எப்படியும் வந்துவிடுகிறது. ஒருவர் தீப்பெட்டிப் படம் என்பார். ஒருவர் தபால்தலை என்பார். இன்னொருவர் சோடா மூடி என்று சொல்லிவிட்டு வெட்கப்படுவார். நான் கால்பந்து ஆட்டக்காரர்களின் அட்டை சேர்த்தேன் என்று சொன்னால் மட்டும் எல்லாரும் ஒரு தரம் என் புடவையைப் பார்க்கிறார்கள். ஆமாம், பெண்பிள்ளைதான் சேர்த்தேன். அதுவும் வில்லியனூருக்குப் பக்கத்தில், ரெண்டு தெருவும் ஒரு மாதா கோயிலும் உள்ள ஊரில். ஒவ்வொரு அட்டையிலும் அந்த ஆட்டக்காரரின் கையெழுத்து இருந்தது. சிரித்து முடித்துவிட்டீர்கள் என்றால் சொல்கிறேன்.

அட்டைகளை அனுப்பியவர் என் மாமா, அம்மாவின் தம்பி. பிரெஞ்சுப் பட்டாளத்தில் சொல்தாவாக, அதாவது சிப்பாயாக, சேர்ந்து போனவர். பட்டாளம் முடிந்ததும் ஊருக்கு வராமல் அங்கேயே தெற்குப் பக்கத்து ஊர் ஒன்றில், பந்து மைதானத்தில் புல் வெட்டும் வேலைக்கு அமர்ந்துவிட்டார். ஒரு காலத்தில் சம்பளத்துக்கு ஆடிப் பெரிய பேர் வாங்கிய ஆட்டக்காரர்கள், வயதாகித் தொந்தி போட்ட பிறகு, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்த மைதானத்துக்கு வந்து பொழுதுபோக்காக ஆடுவார்களாம். அவர்கள் பேரோடு இருந்த நாளில் சாக்லேட்டோடு வைத்து விற்ற படஅட்டைகள் பழைய சாமான் கடைகளில் கிடைக்கும். மாமா அவற்றைத் தேடிப் பிடித்து, அந்த ஆளிடமே நீட்டிக் கையெழுத்து வாங்கி, கடிதத்துக்குள் வைத்து எனக்கு அனுப்புவார். ஊரில் இருந்த காலத்தில் என்னை ரெண்டு செங்கல்லுக்கு நடுவே நிற்க வைத்துப் பந்து உதைத்த பாசம் அது.

அட்டை உள்ளங்கை அளவுதான் இருக்கும். கறுப்பு வெள்ளைப் படம், மார்பு வரைக்கும். சுற்றிலும் கறுப்புக் கோடு. அடியில் பெயர். படத்தின் மேல் சாய்வாக நீல மையில் கையெழுத்து. உறையைப் பிரித்ததும் புகையிலையும் பழைய காகிதமும் கலந்த ஒரு வாசனை வரும். அதுதான் பிரான்சு வாசனை என்று நான் வெகுநாள் நம்பிக்கொண்டிருந்தேன். என்னிடம் ஒரு பிஸ்கெட் டப்பா இருந்தது. மூடியில் ஒரு குதிரை வண்டி. அதற்குள் அட்டைகளை வரிசையாக நிறுத்தி வைப்பேன். அந்த வருஷம் ஈஸ்டர் திருநாள் முடிந்தபோது பத்து சேர்ந்திருந்தது.

எங்கள் வீட்டில் அத்தையும் இருந்தாள், அப்பாவின் அக்கா. அவள் வீட்டுக்காரரும் சொல்தாதான். நான் பிறப்பதற்கு முன்பே பிரான்சில் ஒரு ஆஸ்பத்திரியில் நெஞ்சுச் சளியில் போய்விட்டார். அங்கேயே அடக்கம். அத்தைக்கு வந்து சேர்ந்தது ஒரு பெட்டித் துணியும், கறுப்புக் கோடு போட்ட ஒரு அட்டையும்தான். உங்களுக்கு நினைவிருக்கும், அந்த நாளில் பிரெஞ்சுக் குடியுரிமை உள்ள வீடுகளில் யாராவது இறந்தால் படமும் பேரும் போட்டு, கறுப்புக் கரை கட்டி, செபிப்பதற்காக அட்டை அச்சடித்துக் கொடுப்பார்கள். அதைச் செபப்புத்தகத்தில் வைத்துக்கொள்வது வழக்கம். அத்தையின் செபப்புத்தகம் அப்படிப்பட்ட அட்டைகளால் புடைத்துப்போய், மூடவே மூடாது. மேலே ஒரு நாடா கட்டியிருப்பாள்.

கல்லறைத் திருநாளன்று ஊரே கல்லறைக்குப் போய் அவரவர் வீட்டுக் கல்லறையில் மெழுகுத்திரி ஏற்றும். அத்தைக்கு ஏற்றக் கல்லறை இல்லை. நடுவில் நிற்கும் பெரிய சிலுவையடியில், வெளியூரில் புதைந்தவர்களுக்காக ஏற்றும் இடத்தில், அவளும் ஒன்று ஏற்றிவிட்டு நிற்பாள். நவம்பர் மழை வேறு. மற்றவர்கள் வீட்டுக் கல்லறையில் ஒருத்தர் குடை பிடிக்க ஒருத்தர் ஏற்றுவார்கள். அத்தை முந்தானையால் மறைத்து ஏற்றுவாள். அது அணையும், திரும்ப ஏற்றுவாள்.

மாமாவின் கடிதம் வந்தால் முதலில் வந்து உட்காருவது அத்தைதான். அட்டையை ரெண்டு கையாலும் வாங்குவாள்.

"இவரு பேரு இன்னாடி?"

நான் எழுத்துக் கூட்டிச் சொல்வேன். எனக்கே சரியாக வராது. அவள் ரெண்டு மூன்று தரம் சொல்லிப் பார்ப்பாள். காது விடைத்த ஒருத்தர் இருந்தார், இடதுபக்கம் ஆடினவர். அவர் அட்டையை மட்டும் கூடுதல் நேரம் வைத்துப் பார்ப்பாள்.

"பாவம், சின்ன வயசுதான் இருக்கும் போலக்கீது" என்பாள்.

எனக்கு ஒரே பெருமை. ஊரில் பையன்கள் யாரும் என் அட்டையை மதிக்கவில்லை. அத்தையாவது ஆட்டத்தில் ஆசை வைத்துவிட்டாளே என்று நினைத்தேன். அவளுக்குப் பந்து உருண்டையா சதுரமா என்பதே தெரியாது என்று எனக்கு உறைக்கவில்லை.

பத்துப் பேரில் கோல்கீப்பர் இல்லை. கோயில் மைதானத்தில் ஆடுகிற பையன்களிடம் டப்பாவைத் திறந்து காட்டினால், "கோலி எங்கடி? கோலு போஸ்ட்டுல உங்க அத்த நிப்பாங்களா?" என்று கேலி பண்ணுவார்கள். மாமாவுக்கு எழுதினேன். அவர் பதில் போட்டார். இங்கே தேட வேண்டாம், பாகூர்ப் பக்கம் குருவிநத்தத்தில் ஒருத்தர் இருக்கிறார், கல்கத்தாவுக்குப் போய் சம்பளத்துக்குக் கோலில் நின்றவர், சின்ன வயதில் ஆற்று மணலில் என்னோடு ஆடினவர், அவர் கையெழுத்தை வாங்கு, அப்போதுதான் உன் டீம் முழுசாகும் என்று.

அப்பா என்னைச் சைக்கிளில் அழைத்துப் போனார். வளர்ந்த பெண்ணைப் பந்துக்காக ஊர் ஊராக இழுத்துப்போவது அத்தைக்குப் பிடிக்காது. மல்லாட்டை விதை வாங்கப் போகிறோம் என்று அவளிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினோம். அந்தப் பொய்க்கு நாங்கள் பிறகு நன்றாகப் பட்டோம்.

குருவிநத்தத்தில் அவர் ஆற்றோரக் கொல்லையில் தண்ணீர் பாய்ச்சிக்கொண்டிருந்தார். நெடுநெடுவென்று உயரம். கைவிரல்கள் ஒன்றுகூட நேராக இல்லை, ஒவ்வொன்றும் ஒரு பக்கம் பார்த்தது. விஷயத்தைச் சொன்னதும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு என்னைப் பார்த்தார்.

"கையெழுத்தா? எங்கிட்டயா? ஏம்மா, கோலு போட்டவனத்தான் தோள்ல தூக்கிக்கினு போவாங்க. கோலுக்கு நின்னவன, அவன் விட்ட கோலுக்குத்தான் ஞாபகம் வெச்சிக்குவாங்க. கல்கத்தாவுல எம்பேரு அப்பிடித்தான் இருக்கும், இருந்தா."

அப்பா சிரித்தார். அவர் சிரிக்கவில்லை. என்னிடம் டப்பாவை வாங்கி, கயிற்றுக் கட்டிலில் பத்து அட்டையையும் பரப்பினார். நான் காது விடைத்தவரை வலதுபக்கம் வைத்திருந்தேன்.

"இவரு எடது கால்காரரு, நிக்கறதப் பாத்தாலே தெரிதே. இங்க வை" என்று மாற்றி வைத்தார். பிறகு, பத்துப் பேருக்கும் பின்னால் காலியாகக் கிடந்த இடத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். உள்ளே போய் ஒரு போட்டோ கொண்டுவந்தார். அவர் ஆடிய கல்கத்தாக் கம்பெனியில் பாஸுக்காக எடுத்தது.

"வேற இல்ல. பத்திரமா வெச்சிக்கோ."

நோட்டு அட்டையை அளவாக வெட்டி அதில் ஒட்டினோம். கோணல் விரல்களுக்கு நடுவே பேனாவை இடுக்கிக்கொண்டு, தன் முழுப் பெயரையும் பிரெஞ்சுப் பள்ளியில் படித்த எழுத்தில், நிறுத்தி நிறுத்திப் போட்டார். எழுதி முடிக்க ஒரு டம்ளர் மோர் குடிக்கிற நேரம் ஆனது. அவர் மனைவிக்கு எங்கள் ஊர்தான் பிறந்தகம் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. இறந்து நாலு வருஷம் ஆகிறது, எங்கள் ஊர்க் கல்லறையில்தான் இருக்கிறாள் என்றார்.

வீட்டுக்கு வந்து நான் ஒரு காரியம் செய்தேன். மற்ற பத்து அட்டைகளுக்கும் கறுப்புக் கரை இருக்கிறதே, இதற்கு மட்டும் இல்லாமல் மொட்டையாக இருக்கிறதே என்று, அப்பாவின் மைக்கூட்டை எடுத்து, ஸ்கேல் வைத்து, சுற்றிலும் கறுப்புக் கோடு போட்டேன். அச்சடித்தது போலவே வந்தது. பதினொன்று ஆகிவிட்டது என்ற சந்தோஷத்தில் அன்றைக்குச் சோறே இறங்கவில்லை.

கல்லறைத் திருநாளுக்கு ஒரு வாரம் முன்பு, வீட்டுக்கு வீடு தங்கள் இறந்தவர்களின் பெயர்களை மாதா கோயில் உபதேசியாரிடம் எழுதிக் கொடுப்பார்கள். அவர் எல்லாவற்றையும் ஒரு தாளில் சேர்த்து எழுதி, பூசையில் வாசிப்பார். அத்தைக்கு எழுதத் தெரியாது. செபப்புத்தகத்து அட்டைகளையே கொண்டுபோய் நீட்டுவாள், அவர் பார்த்து எழுதிக்கொள்வார். அந்த வருஷம் நான் பள்ளிக்கூடம் போயிருந்த நேரத்தில் அத்தை என் டப்பாவைத் திறந்து, பதினொன்றையும் எடுத்துப் போய்க் காட்டிவிட்டு, எடுத்த சுவடு தெரியாமல் திரும்ப வைத்துவிட்டாள்.

அன்று சாயங்காலப் பூசை கல்லறையிலேயே. மழை விட்டு விட்டுத் தூறியது. புதுச் சுண்ணாம்பும் சாமந்தியும் ஊதுபத்தியும் நனைந்து ஒரே வாசனை. தகர டப்பாக்களைப் பக்கவாட்டில் படுக்கப்போட்டு உள்ளே மெழுகுத்திரி நிறுத்தியிருந்தார்கள். குருவிநத்தத்துக்காரர் தன் மனைவியின் கல்லறையருகே நின்றிருந்தார். என்னைப் பார்த்துத் தலையசைத்தார். உபதேசியார் குடைக்கு அடியில் பெயர்களை வாசித்தார். எங்கள் வீட்டு முறை வந்தது. தாத்தா பேர், ஆயா பேர், அத்தையின் வீட்டுக்காரர் பேர். அதற்குப் பிறகு வந்த பெயர்கள் என் டப்பாவில் இருந்தவை. என் முன்வரிசை ஆட்டக்காரர்கள் ஒவ்வொருவராகச் செத்துக்கொண்டிருந்தார்கள். உபதேசியார் நிறுத்தவே இல்லை. கடைசியாகக் குருவிநத்தத்துக்காரரின் முழுப் பெயரையும், அவர் போட்ட கையெழுத்தில் இருந்தபடியே, கணீரென்று வாசித்தார்.

கூட்டத்தின் பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது.

"சாமி, நான் இருக்கறேன்."

பெண்கள் சிலுவை போட்டுக்கொண்டார்கள். ஒரு குழந்தை அழுதது. சாமியார் உபதேசியாரைப் பார்த்தார், உபதேசியார் தாளைப் பார்த்தார், பிறகு எங்கள் அத்தையைப் பார்த்தார். உயிரோடிருப்பவன் பேரைச் செத்தவர்களோடு வாசிப்பது எவ்வளவு பெரிய அபசகுனம் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. பூசை எப்படியோ முடிந்தது. சிலுவையடியில் எல்லாரும் எங்களைச் சுற்றிக்கொண்டார்கள். நான்தான் வாயைத் திறந்தேன்.

"அத்தே, அவுங்க யாரும் சாவல. அவுங்கள்லாம் பந்து ஆடறவங்க."

"யாருடி சாவல?"

"யாருமே. பதினோரு பேரும்."

"காது இப்பிடி இருக்குமே, அந்தப் பிள்ளயுமா?"

"அவரும்தான். ஞாயித்துக்கிழம ஞாயித்துக்கிழம ஆடறாரு. தொந்தி இருக்குது."

யாரோ சிரித்துவிட்டார்கள். பிறகு பலர் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அத்தை குடையைக்கூட எடுக்காமல் வீட்டைப் பார்த்து நடந்தாள்.

குருவிநத்தத்துக்காரரை அப்பா கெஞ்சிக் கூப்பிட்டு வீட்டுக்கு அழைத்து வந்தார். அவர் கோபமாக வருவார், என் அட்டையைத் திருப்பிக் கேட்பார் என்று டப்பாவை மடியில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மூலையில் உட்கார்ந்திருந்தேன். அவர் காப்பியை வாங்கிக்கொண்டு அத்தையிடம் மெதுவாகப் பேசினார்.

"எனுக்கு ஒண்ணும் வருத்தம் இல்லம்மா. மொதல்ல பக்குனு இருந்துச்சி, அவ்வளவுதான். கல்கத்தாவ வுட்டு வந்ததுலருந்து எம்பேர முழுசா யாரும் சொன்னதில்ல. அத்தினி ஜனம் நடுவுல சொன்னாங்க. கெடக்கட்டும்."

அத்தை ஈரத் தலையைத் துடைக்காமலே உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அது வெறும் வெட்கம் என்றுதான் நான் நினைத்தேன். பிறகு பேச ஆரம்பித்தாள், யாரையும் பார்க்காமல்.

"எங்க வூட்டுக்காரரு அந்த ஊரு மண்ணுல படுத்துக்கினு இருக்காரு. கிட்ட போயி ஒரு பூ வெக்க நாதி இல்ல. நான் இங்க அவங்க ஊரு பிள்ளைங்களுக்கு வேண்டிக்கினா, அங்க அதுங்களப் பெத்தவ எவளாச்சும் ஒருத்தி, கல்லறைக்குப் போறப்ப, பக்கத்துல கெடக்கற நம்ம ஆளுக்கும் ஒரு மெழுகுத்திரி ஏத்திட்டுப் போவமாட்டாளான்னு நெனச்சேன். தெனம் பத்து பேருக்கும் தனித்தனியா செபமால சொன்னேன். இப்ப அதுங்க எல்லாம் உசுரோட இருக்குதுன்னா, அங்க அவருக்கு யாரு ஏத்துவா?"

குருவிநத்தத்துக்காரர் டம்ளரைக் கீழே வைத்தார். அப்பா வெளியே போய் மழையைப் பார்த்துக்கொண்டு நின்றார். எனக்கு மட்டும் அவர் அட்டையைத் திருப்பிக் கேட்கவில்லை என்ற நிம்மதி. உண்மையைச் சொல்ல வேண்டுமே.

நடந்ததையெல்லாம் மாமாவுக்கு எழுதினேன், சிரிப்புக் கதையாக. தொந்தி என்றதும் கூட்டம் சிரித்ததை ஒரு பக்கம் முழுக்க எழுதினேன். அத்தை சொன்னதைக் கடைசியில் அப்பா சொல்லச் சொல்ல நாலு வரி சேர்த்தேன்.

தவக்காலம் தொடங்கிய வாரத்தில் பதில் வந்தது. வழக்கம்போல அத்தை பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள், ஆனால் கையை நீட்டவில்லை. நான் வாசித்தேன். மாமா என் கதையை மைதானத்தில் அந்த ஆட்டக்காரர்களிடம் சொன்னாராம். எல்லாரும் வயிறு குலுங்கச் சிரித்தார்களாம். காது விடைத்தவர் மட்டும் சிரிக்கவில்லையாம். அவர் தகப்பனாரும் சண்டைக்குப் போனவர், எங்கே புதைத்தார்கள் என்று இன்று வரை தெரியாதாம். அத்தையின் வீட்டுக்காரர் எந்தக் கல்லறையில் இருக்கிறார் என்று விசாரித்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஆட்டத்துக்கு வராமல், மாமாவைத் தன் காரில் ஏற்றிக்கொண்டு மூன்று மணி நேரம் ஓட்டிப் போயிருக்கிறார்.

உறைக்குள் ஒரு போட்டோ இருந்தது. வரிசை வரிசையாகச் சிலுவைகள். முன்னால் ஒன்றில் அத்தையின் வீட்டுக்காரர் பேர், தெளிவாக வாசிக்கலாம். அடியில் ஒரு பூந்தொட்டி. பக்கத்தில் கண்ணாடிக் கூட்டுக்குள் ஒரு மெழுகுத்திரி எரிந்துகொண்டிருந்தது.

அத்தை கையை முந்தானையில் ரெண்டு தரம் துடைத்துக்கொண்டு வாங்கினாள். பிறகு பூந்தொட்டியைத் தொட்டுக் காட்டினாள்.

"அங்கயும் சாமந்திதான் வெக்கறாங்களா?"

"ஆமா அத்தே."

"இது இன்னா கோடு?"

போட்டோவின் ஓரத்தில் நீல மையில் கையெழுத்து இருந்தது. படம் கழுவி வந்ததும் காது விடைத்தவரிடம் பார்க்கக் கொடுத்தேன், பழக்கதோஷத்தில் அதிலும் கையெழுத்துப் போட்டுவிட்டார் என்று மாமா எழுதியிருந்தார். நான் பேரை வாசித்தேன். அத்தை அதைத் தப்பாகத்தான் சொல்லிப் பார்த்தாள், தினமும் செபத்தில் சொன்ன அதே தப்போடு.

"நல்லா இருக்கட்டும்" என்றாள்.

அப்போது நான் என்ன சொன்னேன் தெரியுமா? "கையெழுத்து இருக்குது அத்தே. கடுதாசியும் எம்பேருக்குத்தான் வந்துது. அப்ப இது எனக்கு" என்றேன்.

அப்பா என்னை அடிக்கக் கை ஓங்கினார். அத்தை தடுத்துவிட்டாள்.

"அவ எழுதுனதாலதான வந்துது. அவகிட்டயே இருக்கட்டும்." போட்டோவை என் கையில் கொடுத்தாள். "கல்லற மாசத்துக்கு மட்டும் எனுக்குக் குடுடி. செபப்புத்தகத்துல வெச்சிக்கினு, மாசம் முடிஞ்சதும் குடுத்துடறேன்."

சரி என்று தலையாட்டினேன்.

அந்த டப்பா இப்போது இல்லை. பிறகு வந்த ஒரு புயல் வெள்ளத்தில் வீட்டுக்குள் இடுப்பளவு தண்ணீர் ஏறி, அத்தனை அட்டையும் ஒட்டிக்கொண்டு ஒரே கட்டியாகிப்போனது. பிரித்தால் மாவாக உதிர்ந்தது. குருவிநத்தத்துக்காரர் பத்திரமாக வைத்துக்கொள்ளச் சொன்ன போட்டோவும் அதில்தான் போனது. நான் அதற்காகவெல்லாம் அழுது முடித்துவிட்டேன். இன்று வரை முடியாதது ஒன்று இருக்கிறது.

அடுத்த நவம்பர், கல்லறை மாசம், பிறந்தது. அத்தை குளித்து, தலை முடிந்து, செபப்புத்தகத்தின் நாடாவை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு என் டப்பா அருகே வந்து நின்றாள். நான் தரமாட்டேன் என்றேன். உன் புத்தகத்தில் வைத்தால் முனை மடங்கிவிடும் என்றேன். அத்தை கோபித்துக்கொள்ளவில்லை. அப்பாவைக் கூப்பிடவும் இல்லை.

"சரி, ஒரு தடவ காட்டுடி" என்றாள்.

ரெண்டு ஓரத்தையும் நானே பிடித்துக்கொண்டு காட்டினேன். அவள் குனிந்து பார்த்தாள். அவள் கையில் நான் கொடுக்கவில்லை.